ஸ்ப்ரே பெயிண்டை வடித்தெடுத்தால், மூடி போட அவசரப்படாதீர்கள்

பிளாஸ்டிக் ஸ்கேல் மாடல் செய்பவர்களில் பலர் ஸ்ப்ரே டப்பா பெயிண்டைக் கண்ணாடிக் குப்பியில் வடித்து, ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் மெல்லிய சாரலாக அடிக்கும் கருவி) ஊற்றி அடிக்கிறார்கள். அதற்கு நியாயமான காரணம் உண்டு. டப்பாவின் நாசில் ஒரே அழுத்தில் கொட்டுகிற பெயிண்டை 1/24 (நிஜ அளவில் 24-இல் ஒரு பங்கு) கார் பாடி தாங்கும். 1/72 விமானத்தில் அது பேனல் கோடுகளையே மூடிவிடும். கீறல் விழுந்த இடத்தைப் பிரஷ்ஷால் தொட்டுச் சரிசெய்யவும் அதே நிறம் திரவமாகக் கையில் வேண்டும். வேலை ஒன்றும் கடினமில்லை. ஆனால் குப்பிக்குள் வந்துவிட்டதால் மட்டும் அது சாதாரணப் பெயிண்ட் ஆகிவிடாது. அதை மறக்கும்போதுதான் மூடி தெறிக்கிறது, பெயிண்ட் பொங்கி மேசையில் வழிகிறது, சில சமயம் தீயும் பிடிக்கிறது.

முதலில் ஒன்றைப் பாருங்கள்: வடிக்கத்தான் வேண்டுமா? ஜப்பானிய மாடல் நிறுவனமான டமியாவின் டி.எஸ் (ஸ்ப்ரே டப்பா) வரிசை நிறங்கள் பல இப்போது எல்.பி (லாக்கர் பெயிண்ட்) வரிசையில் 10 மி.லி. பாட்டிலாகவே வருகின்றன. டி.எஸ்-8 இத்தாலியன் ரெட் வேண்டுமென்றால் எல்.பி-21 இருக்கிறது. பாட்டில் கிடைக்கிற நிறத்துக்கு டப்பாவோடு மல்லுக்கட்டத் தேவையே இல்லை.

டப்பாவில் பெயிண்டைத் தள்ளுவது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் கலவை, அதாவது சமையல் சிலிண்டரில் இருக்கிற அதே குடும்பம். அல்லது டைமெத்தில் ஈதர். இவை அழுத்தத்தில் திரவமாகிப் பெயிண்டோடு கலந்து கிடக்கின்றன. பியூட்டேன் ஏறத்தாழ 0 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். டைமெத்தில் ஈதர் மைனஸ் 25-இல், புரொப்பேன் மைனஸ் 42-இல். வெளியே வந்ததும் ஒரு பகுதி சீறிக்கொண்டு போய்விடும். மீதி சோடாவில் வாயு நிற்பதுபோலப் பெயிண்டுக்குள் கரைந்தே நிற்கும். 1 மி.லி. திரவ பியூட்டேன் அறை வெப்பத்தில் சுமார் 240 மி.லி. வாயுவாக விரியும். 20 மி.லி. பெயிண்டில் 3 மி.லி. கரைந்திருந்தாலே வெளியேற வேண்டியது 700 மி.லி.க்கு மேல். 60 மி.லி. குப்பியில் காலியிடம் வெறும் 40 மி.லி. இறுக்கி மூடினால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

இடம் மொட்டை மாடியாகவோ நன்றாகக் காற்றோடும் பால்கனியாகவோ இருக்கட்டும். இந்த வாயுக்கள் மூன்றும் காற்றைவிடக் கனமானவை. தரையோடு தவழ்ந்து, படியிறங்கி, வடிகால் ஓட்டை வழியாகக் கீழேயும் போகும். காற்றில் 2 சதவீத அளவுக்குக் கலந்தாலே பியூட்டேன் தீப்பற்றும். அதனால் மூக்குக்கு வாசனை தெரிகிற உயரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், கீழே பாருங்கள். பூஜை விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், இன்வெர்ட்டர் பேட்டரி, ஃபிரிட்ஜ், பக்கத்துச் சமையலறை அடுப்பு எதுவும் அருகில் கூடாது. ஃபேன் வேண்டுமானால் முன்பே போட்டுவிடுங்கள். நடுவில் சுவிட்சைத் தொடாதீர்கள்.

ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் தின்னர் ஆவியைப் பிடிக்கும், கட்டாயம் போடுங்கள். ஆனால் இவ்வளவு குறைந்த கொதிநிலை உள்ள வாயுவை அந்தக் கார்ட்ரிட்ஜில் உள்ள கார்பன் சரியாகப் பிடிக்காது. மாஸ்க் இருக்கிறதே என்று மூடிய அறையில் உட்காரக் கூடாது என்பது இதனால்தான். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். நைட்ரைல் கையுறையில் பெயிண்ட் பட்டால் உடனே மாற்றுங்கள், பெயிண்டில் உள்ள அசிட்டோன் போன்ற கரைப்பான் அதை விரைவில் ஊடுருவும்.

டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். அடியில் நிறமி தங்கினால் வடித்த பெயிண்டின் நிறமே மாறிவிடும். சில்வர் போன்ற மெட்டாலிக்குகளில் இது பளிச்சென்று தெரியும். பிறகு பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்துங்கள். குளிரக் குளிர உள்ளழுத்தம் குறையும், சீற்றமும் அடங்கும். ஃப்ரீசரில் வைக்கவே வேண்டாம். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் அளவுக்கு மீறிக் குளிர்வித்தால் காற்றின் ஈரம் குப்பிச் சுவரில் வியர்த்துப் பெயிண்டில் கலக்கும். அந்தத் தண்ணீர் பின்னால் படலத்தில் வெண்மூட்டமாக வந்து நிற்கும். டப்பாவின் வெளிப்பக்கத்தையும் துடைத்துவிட்டு வடியுங்கள்.

குப்பி அகன்ற வாய்க் கண்ணாடியாக இருக்க வேண்டும். பாலிஸ்டைரின் கப் லாக்கரில் (இந்த டப்பாக்களில் இருக்கும், காரமான கரைப்பான் கலந்த பெயிண்ட்) கரைந்துவிடும். வாயை அலுமினியத் தாளால் மூடி, ஸ்ட்ரா நுழைய ஒரு துளை, வாயு போக இன்னொரு துளை போடுங்கள். ஐந்தாறு செ.மீ. ஸ்ட்ராவை நாசில் துளையில் பொருத்தி டேப் சுற்றுங்கள். மறுமுனை உட்சுவரைப் பார்க்கட்டும், நேராக அடியைப் பார்த்தால் பெயிண்ட் தெறித்துத் திரும்பும். இரண்டு மூன்று விநாடி அழுத்தம், பிறகு அதே அளவு இடைவெளி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

இனி காத்திருப்பு. இந்தக் கட்டத்தில்தான் பலர் கெடுக்கிறார்கள். குறைந்தது ஒரு மணி நேரம் குப்பியைத் தொடவே கூடாது. ஆடாமல் இருக்கிற பெயிண்ட் பார்க்க அடங்கியதுபோலத் தெரியும். உள்ளே வாயு நிறையவே இருக்கும். ஒரு பல்குச்சியை விட்டதும் அதன் கரடுமுரடான பரப்பில் குமிழிகள் பிறந்து மொத்தமும் பால்போலப் பொங்கும். தின்னரைச் சட்டென ஊற்றினாலும் அப்படித்தான். ஒரு மணி நேரம் கழித்துக் குச்சியின் நுனியை மட்டும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். குமிழி ஓடி வந்தால் எடுத்துவிட்டுப் பிறகு பாருங்கள். அடங்கினால் மெல்லக் கிளறி, அலுமினியத் தாளில் குண்டூசித் துளைகள் போட்டு ஓர் இரவு விடுங்கள். அவசரமென்றால் முதல் ஒரு மணி நேரத்துக்குப் பின் 35 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தலாம். அடுப்பு, ஹேர் டிரையர் பக்கம் போகவே கூடாது. திறந்த குப்பியை வீட்டு ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள். உள்விளக்கின் சுவிட்சிலும் தெர்மோஸ்டாட்டிலும் பொறி வரும்.

மறுநாள் வேகமாகக் கிளறியும் குமிழி வரவில்லை என்றால் தயார். டைமெத்தில் ஈதர் தானே ஒரு கரைப்பான் என்பதால், அது போனபின் பெயிண்ட் கொஞ்சம் கெட்டியாகியிருக்கும். 10 முதல் 30 சதவீதம் லாக்கர் தின்னர் போதும். நம் ஊர் ஈரக் காற்றுக்கு ரிட்டார்டர் (காய்வதைத் தாமதிக்கும் திரவம்) கலந்த லெவலிங் தின்னர் நல்லது. மெதுவாகக் காய்ந்து மட்டமாகும், வெண்மூட்டமும் குறையும். டமியாவின் எக்ஸ்-20ஏ போன்ற அக்ரிலிக் தின்னர் இதற்கு ஆகாது. 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 20 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம். அடிக்கும்போது ஏர்பிரஷ் கப்பில் நுரை வந்தால், துப்பித்துப்பி அடித்தால், காய்ந்த பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தால், வாயு இன்னும் போகவில்லை என்று பொருள். பெயிண்டைக் குப்பிக்குத் திருப்பி இன்னும் ஒரு நாள் விடுங்கள். தின்னர் சேர்த்து இதைச் சரிசெய்ய முடியாது.

டமியாவின் பி.எஸ் வரிசை, ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. கார்களின் பாலிகார்பனேட் பாடிக்கானது. அதை வடித்துச் சாதாரணக் கிட்டில் அடிக்காதீர்கள். ஆட்டோமொபைல் டப்பாக்களின் கரைப்பான் காரம் அதிகம். பிரைமர் (அடிப்பூச்சு) இல்லாத பாலிஸ்டைரினில் (கிட்டின் பிளாஸ்டிக்) மெல்லிய வெடிப்பு விடும், எனவே கழிவு ஸ்ப்ரூவில் (கிட்டின் பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) முதலில் அடித்துப் பாருங்கள்.

டப்பாவை ஆணியால் குத்தியோ துளைபோட்டோ பெயிண்டை எடுக்கும் வீடியோக்களைப் பின்பற்றவே பின்பற்றாதீர்கள். அழுத்தமும் எரிவாயுவும் இரும்பின் பொறியும் ஒரே இடத்தில், உங்கள் முகத்துக்கு எதிரே சேருகின்றன.

மூடி போட்ட முதல் வாரம் தினமும் ஒரு தடவை திறந்து பாருங்கள். "ஸ்ஸ்" என்ற சத்தம் கேட்டால் மூடியைத் தளர்த்தியே வையுங்கள். குப்பியில் நிறத்தின் எண்ணும் தேதியும் எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மீதியுள்ள டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து வாயு மட்டும் வரும்வரை ஓரிரு விநாடி அழுத்தினால் நாசில் அடைக்காது. வெயிலில் நிற்கும் காரில் அதை விட்டுச் செல்லாதீர்கள். காலியானாலும் குப்பையோடு சேர்த்து எரிக்க விடாதீர்கள்.