தண்ணீரில் ஏது தரை? 'டிட்சிங்' என்பதற்குத் தமிழ்ச் சொல்

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் புறப்படும் விமானங்களில் பாதுகாப்பு அறிவிப்பைத் தமிழிலும் சொல்வதுண்டு. நல்ல வழக்கம். ஏறுகிறவர்களில் பலர் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, நாகூர்ப் பக்கத்துக்காரர்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பாட்டிகள், வேலைக்குப் போகும் பிள்ளைகள். போகிற வழியில் பெரும்பகுதி கடல். அந்த அறிவிப்பில் ஒரு வாக்கியம் வருகிறது: "விமானம் தண்ணீரில் தரையிறங்க நேரிட்டால்..." இதே தொடரைச் செய்தித்தாளில் பார்க்கிறேன், தொலைக்காட்சியில் கேட்கிறேன், மொழிபெயர்த்த கட்டுரைகளில் 'நீர்த் தரையிறக்கம்' என்று பெயர்ச்சொல்லாகவே படிக்கிறேன். கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. இந்தச் சொல் பிழை. ஏன் பிழை, எது சரி என்பதை எழுதிவிடுகிறேன்.

முதலில் பொருள். இயந்திரம் நின்றோ எரிபொருள் தீர்ந்தோ ஓடுபாதைக்குப் போய்ச் சேர வழியில்லாத விமானத்தை, விமானி தன் கட்டுப்பாட்டில் வைத்து, வேண்டுமென்றே ஆற்றிலோ கடலிலோ கொண்டுவந்து இறக்குவதற்கு ஆங்கிலத்தில் டிட்சிங் என்று பெயர். டிட்ச் என்றால் பள்ளம், வாய்க்கால். பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருந்து, தோண்டிய பள்ளத்துக்கு டிட்ச் என்றும் தோண்டிய மண்ணால் எழுந்த கரைக்கு டைக் என்றும் பிரிந்தது. பள்ளத்தில் தள்ளுவது, பிறகு வேண்டாமென்று கைவிடுவது என்று பொருள் நீண்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானத்தைக் கடலில் இறக்குவதற்கு அதுவே பெயராயிற்று. வேர் இவ்வளவுதான். நமக்கு அது உதவாது. கணினி மொழிபெயர்ப்பு 'கைவிடுதல்' என்றும் 'பள்ளம் தோண்டுதல்' என்றும் தருவதெல்லாம் வேரைப் பிடித்துத் தொங்குவதால் வரும் வினை.

ஆகவே நமக்கு வேண்டிய சொல்லில் இரண்டு செய்திகள் இருக்க வேண்டும்: இறங்கும் இடம் நீர்ப்பரப்பு, இறக்குவது ஓர் ஆள், தற்செயலாக நடப்பதில்லை. கடல் என்று சுருக்கிவிடவும் முடியாது. பெயர்பெற்ற நிகழ்வுகளில் பல ஆற்றில் நடந்தவை. 1963 ஆகஸ்ட் 21 அன்று சோவியத் நாட்டின் டுபோலெவ்-124 ஒன்று லெனின்கிராட் நகருக்குள் ஓடும் நேவா ஆற்றில் இறங்கியது; இருந்த 52 பேரும் பிழைத்தார்கள். 2002 ஜனவரி 16 அன்று கருடா நிறுவனத்தின் போயிங் 737, ஆலங்கட்டி மழையில் இரண்டு இயந்திரமும் நின்றுபோய், நடுஜாவாவின் பெங்காவான் சோலோ ஆற்றில் இறங்கியது. அறுபது பேரில் இறந்தவர் ஒரு பணிப்பெண் மட்டும். 2009 ஜனவரி 15 அன்று பறவைகள் மோதி இயந்திரங்கள் நின்றுபோன ஏர்பஸ் 320 ஒன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கியது எல்லாருக்கும் தெரியும். ஆகவே 'கடலிறக்கம்' என்ற சொல்லை இங்கேயே ஒதுக்கிவிடலாம்.

இப்போது 'நீர்த் தரையிறக்கம்'. இதற்கு வாதாடுகிறவர்கள் சொல்வது இது: லேண்டிங் என்ற ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் நிலம் இருக்கிறது, அவர்கள் கூசாமல் 'வாட்டர் லேண்டிங்' என்கிறார்கள், நாம் மட்டும் ஏன் கூச வேண்டும்? கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் லேண்ட் என்ற வினை பல நூற்றாண்டு புழங்கித் தேய்ந்துவிட்டது. மீனைப் பிடித்துக் கரையில் போடுவதும் அதுதான், வேலை கிடைப்பதும் அதுதான். அந்த வினையைக் கேட்கும்போது யாருக்கும் மண் நினைவுக்கு வருவதில்லை. தமிழில் தரை தேயவில்லை. தரையில் உட்கார், வெறுந்தரையில் படுக்காதே, தரைமட்டம், தரைச்சக்கரம். கொள்ளிடத்தில் தண்ணீர் கூடுதலாக வந்தால் 'தரைப்பாலம் மூழ்கியது' என்று செய்தி வரும். அங்கே தரையும் தண்ணீரும் எதிரெதிராக நிற்கின்றன. தரை இருக்கும் இடத்தில் தண்ணீர் வந்தால் அது மூழ்குதல். அப்படியிருக்க, தண்ணீரிலேயே தரை எங்கிருந்து வந்தது?

இன்னொன்று. நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையில் 'தரை தட்டியது' என்று ஒரு சொல் உண்டு. கப்பலோ படகோ ஆழமில்லாத இடத்தில் அடிமண்ணில் மோதி நின்றுபோனால் அப்படிச் சொல்வார்கள். கடலோடு பிழைக்கிற மனிதர் ஒருவரிடம் 'கடலில் தரையிறங்கியது' என்று சொல்லிப் பாருங்கள். அவர் மனத்தில் கடலின் அடித்தரைதான் எழும். அதாவது விமானம் மூழ்கி அடிக்குப் போய்விட்டது என்றாகும். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

'நிலாவில் தரையிறங்கியது' என்கிறோமே என்று கேட்பார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது நிலாவின் தரையில். அங்கே மண் இருக்கிறது, கல் இருக்கிறது. அந்தச் சொல் அங்கே பொருந்துகிறது. பொருந்துகிற காரணத்தாலேயே தண்ணீருக்குப் பொருந்தவில்லை.

ஆங்கிலச் சொல்லில் நிலம் இருந்தால் தமிழிலும் நிலம் வந்தே தீர வேண்டும் என்பதில்லை. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தபோது வானொலியும் தொலைக்காட்சியும் என்ன சொல்லின? 'புயல் கரையைக் கடந்தது.' ஆங்கிலத்தில் அதற்கு 'லேண்ட்ஃபால்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நிலவீழ்ச்சி' என்று எழுதியிருக்க வேண்டும். யாரோ ஒரு நல்ல மனிதர் எப்போதோ அகராதியை மூடிவைத்துவிட்டுக் கடற்கரையைப் பார்த்திருக்கிறார். கடலிலிருந்து வருகிறது, கரையைத் தாண்டுகிறது, அப்படியே சொல்லிவிட்டார். தென்னந்தோப்பு போய் வீட்டுக்கூரை போன அந்த இரவில் அந்தச் சொல் விளங்காதவர் எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை. மொழிபெயர்ப்பு என்றால் இதுதான்.

அடுத்தது 'விழுந்தது'. தலைப்பெழுதுகிறவர்களுக்கு இந்தச் சொல் மேல் அப்படி ஒரு பிரியம். 'ஆற்றில் விழுந்த விமானம்.' விழுதலில் ஆள் இல்லை. 1956 அக்டோபர் 16 அன்று பான் அமெரிக்கன் நிறுவனத்தின் விமானம் ஒன்று, ஹொனலூலுவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே இயந்திரக் கோளாறு வந்ததும், பசிபிக் கடலில் நின்ற அமெரிக்கக் கடலோரக் காவல்படைக் கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, விடியும்வரை காத்திருந்து, கப்பலுக்குப் பக்கத்தில் இறங்கியது. 31 பேரும் பிழைத்தார்கள். இதை 'விழுந்தது' என்று எழுதினால் அந்த விமானியின் இரவு முழுவதும் அழிந்துபோகிறது. இந்தப் பக்கம் தமிழ் நமக்கு ஒரு பெரிய வசதி செய்து வைத்திருக்கிறது: விழு, இறங்கு, இறக்கு. விழுந்தால் விபத்து, இறங்கினால் விமானத்தின் செயல், இறக்கினால் விமானியின் செயல். 'விமானி விமானத்தை ஆற்றில் இறக்கினார்.' ஒரு எழுத்தில் பொறுப்பு யாருடையது என்று சொல்லிவிடுகிற மொழியில் இருந்துகொண்டு எல்லாவற்றுக்கும் 'விழுந்தது' என்று எழுதுவது சோம்பல்.

வான ஊர்தி என்ற பெயரே நமக்குப் புறநானூற்றில் கிடைத்தது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது 'வலவன் ஏவா வான ஊர்தி', ஓட்டுகிறவன் இல்லாமல் செல்லும் ஊர்தி. நாம் பேசுவது வலவன் தன் கையால் இறக்கும் ஊர்தியைப் பற்றி. அதனால் வினையில் வலவன் தெரிய வேண்டும். (விமானமா வானூர்தியா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இரண்டு விமானமும் குழம்புவதில்லை. இரண்டு சொல்லும் இருக்கட்டும்.)

இறங்கு என்ற வினை தண்ணீரோடு சேர்வதற்குத் தரையின் துணை தேவையே இல்லை. ஆற்றில் இறங்காதே என்கிறோம். படித்துறையில் இறங்கிக் கால் நனைக்கிறோம். மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். அவரை யாரும் ஆற்றில் தரையிறக்கவில்லை. பறக்கும் பொருளுக்கும் இதே வினைதான். வடுவூர் ஏரிக்கு வலசை வரும் பறவைகளைப் பார்க்கிறவர்கள் 'கூட்டமா தண்ணியில எறங்குது' என்றே சொல்வார்கள். பறந்து வந்தது, தண்ணீர் மேல் அமர்ந்தது, முடிந்தது. சொல் நம் வாயிலேயே இருந்திருக்கிறது.

தனித்தமிழ் நண்பர்கள் 'நீரிறக்கம்' என்று முன்வைக்கிறார்கள். தரையை எடுத்துவிட்டார்கள் என்பதால் எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஆனால் எங்கள் ஊரில் அது செல்லாது. வெள்ளம் வடிந்தால் 'தண்ணி எறங்கிடுச்சு' என்போம். வயலில் கட்டிய நீர் மண்ணுக்குள் போனாலும் அதுதான். வைத்தியரிடம் 'நீர் சரியாக இறங்கவில்லை' என்றால் அது வேறு சங்கதி. நீரிறக்கம் என்று கேட்டதும் நீர் இறங்குவதாகத்தான் காது எடுத்துக்கொள்ளும், நீரில் இறங்குவதாக எடுத்துக்கொள்ளாது. வேற்றுமை உருபை விழுங்கிவிட்டுக் கூட்டுச்சொல் செய்கிறபோது வருகிற தொல்லை இது. கலைச்சொல் செய்கிறவர்கள் சுருக்கத்துக்கு ஆசைப்பட்டு இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். தூய்மை வேண்டியதுதான், ஆனால் கேட்கிறவருக்கு விளங்காத தூய்மையால் யாருக்கு என்ன பயன்?

என் பரிந்துரை 'நீர்மேலிறக்கம்'. ஓர் அசை கூடுதல்தான், பரவாயில்லை. இந்த 'மேல்' தொழிலறிந்து வருகிறது. நீரில் இறக்கும் விமானி சக்கரங்களை உள்ளே வைத்துக்கொண்டு, மூக்கைச் சற்று உயர்த்தி, இறக்கைகளை மட்டமாகப் பிடித்து வருகிறார். ஒரு பக்கம் சாய்ந்து முதலில் தண்ணீரைத் தொட்டால் விமானம் புரண்டு உடையும். இத்தனை பாடும் விமானம் நீரின் மேலேயே கொஞ்ச நேரம் நிற்பதற்காக. ஏர்பஸ் 320-இல் இதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் உடலின் அடிப்பகுதியில் உள்ள காற்றுத் திறப்புகள் மூடிக்கொள்ளும், தண்ணீர் ஏறுவது தாமதமாகும். ஹட்சனில் பறவைகள் மோதியதிலிருந்து நீரைத் தொட்டதுவரை கிடைத்தது ஏறக்குறைய மூன்றரை நிமிடம். அந்தப் பொத்தானை அழுத்தவே நேரமில்லை. ஆனாலும் விமானம் மிதந்தது, படகுகள் வந்தன, 155 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். வழக்கமாகவே தண்ணீரில் இறங்கி ஏறும் கடல்விமானத்துக்கும் நீர்மேலிறக்கம் என்ற சொல் செல்லும். நெருக்கடியைச் சுட்ட 'அவசர' என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். பேச்சுக்கும் அறிவிப்புக்கும் பெயர்ச்சொல்லே வேண்டாம். 'தண்ணீரில் இறங்க நேர்ந்தால்' போதும்.

சொல்லில் இத்தனை பிடிவாதம் எதற்கு என்று கேட்பவர்கள் 1996 நவம்பர் 23 அன்று கொமோரோ தீவுக்கருகே நடந்ததைப் படிக்க வேண்டும். கடத்தப்பட்ட எத்தியோப்பிய போயிங் 767, எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கும்போது உடைந்தது. 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் மிதவைச் சட்டையை விமானத்துக்குள் இருக்கும்போதே ஊதிவிட்டவர்கள். தண்ணீர் ஏறியதும் சட்டை அவர்களைக் கூரையோடு அழுத்திவிட்டது, வாசலுக்கு நீந்த முடியவில்லை. 'வெளியே வந்தபின் ஊதுங்கள்' என்ற ஒரு வரி காதில் தெளிவாக விழுவது உயிர்ப் பிரச்சினை. அந்த வரிக்கு முந்திய வரியிலேயே 'தரை' என்று சொல்லிக் கேட்பவரைக் குழப்பினால், அடுத்த வரி எப்படி ஏறும்? 'உயிர்காப்பு மேலங்கியை வீக்கமடையச் செய்யவும்' என்று ஓர் அட்டையில் படித்தேன். ஊதுவதற்குத் தமிழில் சொல் இல்லாமல் போய்விட்டதா? பாதுகாப்பு அறிவிப்பை எழுதுகிறவர் தன் எதிரில் ஒரு திருத்துறைப்பூண்டிப் பாட்டி உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு எழுத வேண்டும். அவர் ஒரு தடவை கேட்டதும் தலையசைத்தால் அந்த வாக்கியம் தேறியது.

அப்புறம், ஹட்சன் செய்தியை எழுதும்போதெல்லாம் 'பறவைகள் தாக்கியதால்' என்று எழுதுகிறார்கள். வாத்துக்கூட்டம் தன் பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தது. விமானமும் தன் வழியில் வந்தது. மோதின. 'பறவை மோதல்' என்று எழுதுங்கள்.