கன்னிக் கம்பளியாம்!

'வெர்ஜின் வுல்' (virgin wool) என்ற ஆங்கிலத் துணிச் சொல்லைக் 'கன்னிக் கம்பளி' என்று தமிழில் எழுதுகிறவர்கள் ஒருமுறை கோவில்பட்டிப் பக்கம் போய் வரலாம். கன்னி ஆடு அங்கே எல்லோருக்கும் தெரிந்த வெள்ளாட்டு இனம். கறுப்பு உடம்பு. முகக்கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. அதன் மயிரில் சட்டைத்துணி நெய்ய முடியாது. ஆனால் இணையக் கடைகளில் 'நூறு சதவீதம் கன்னி ஆட்டுக் கம்பளி' என்று கோட்டு விற்கிறார்கள். ஆவணப்பட வசன வரிகளிலும் இதே சொல்தான்.

சொல்லின் பூர்வீகம் பெரிய விஷயமில்லை. லத்தீனில் இளம்பெண்ணைக் குறித்த சொல் ஆங்கிலத்துக்கு வந்து, கைபடாத காடு, உழாத மண், முதல் பிழிவு எண்ணெய் என்று பலவற்றோடும் ஒட்டிக்கொண்டது. கம்பளிக்கு வரும்போது அதன் பொருள் ஒன்றுதான்: இதற்கு முன் நூலாகவோ துணியாகவோ ஆகியிராத ஆட்டுமயிர்.

இப்படி ஓர் அடைமொழி ஏன் தேவைப்பட்டது? 1813இல் இங்கிலாந்தின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா என்பவர் பழைய கம்பளிக் கந்தலைக் கிழித்துப் பஞ்சாக்கி, புதிய மயிரோடு கலந்து நூற்கும் வழியைக் கண்டார். அந்தச் சரக்குக்கு 'ஷாடி' என்று பெயர். இன்று நம் பானிபட் அதற்குப் பேர்போன ஊர். திருப்பூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்; பனியன் வெட்டுத்துண்டு ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்லுக்குப் போய்க் கழிவுப் பஞ்சு நூலாகத் திரும்பி வருவதைத் தினமும் பார்க்கிறார்கள். அதற்காக நல்ல பஞ்சை யாரும் கன்னிப் பஞ்சு என்று சொல்வதில்லை.

இந்தச் சொல்லுக்கு உண்மையான கனம் ஸ்காட்லாந்தின் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில்தான் தெரிகிறது. லூயிஸ், ஹாரிஸ், யூயிஸ்ட், பாரா தீவுகளின் ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணியைக் காக்க பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1993இல் தனிச் சட்டமே போட்டது. அந்தத் துணி எது என்பதற்கு அதில் உள்ள வரையறை ஒரே வாக்கியம்தான்: தீவுவாசிகள் வீட்டில் கையால் நெய்து, அங்கேயே முடித்தது, அங்கேயே சாயமிட்டு நூற்ற 'ப்யூர் வெர்ஜின் வுல்' ஆனது என்பது அதன் சாரம். அதை நம்மவர்கள் தமிழாக்கும்போது வழக்கமாக மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், சட்டம் 'ப்யூர்', 'வெர்ஜின்' என்று இரண்டு சொல் போட்டிருக்க, இரண்டையும் சேர்த்து 'தூய கம்பளி' என்று முடித்துவிடுவது. முதல் சொல் வேறு இழை கலக்கக் கூடாது என்கிறது. இரண்டாவது சொல், பழந்துணியைக் கிழித்தெடுத்த மயிர் ஆகாது என்கிறது. ஷாடியை மட்டுமே வைத்து நெய்த துணியிலும் வேறு இழை இருக்காது. ஆனால் அதற்கு ஹாரிஸ் முத்திரை கிடைக்காது.

இரண்டாவது, 'சாயமிட்டு நூற்ற' என்பதை 'நூற்றுச் சாயமிட்ட' என்று புரட்டிப் போடுவது. நூலையோ துணியையோ சாயப்பட்டறைக்கு அனுப்பிப் பழகிய நமக்கு இது இயல்பாக வரும். அங்கே மயிருக்கே முதலில் சாயம். அப்புறம் பல நிற மயிர்களை அளந்து கலந்து, சிக்கெடுத்து, நூற்கிறார்கள். தள்ளி நின்று பார்த்தால் பச்சையாகத் தெரியும் ஒரு நூலைக் கண்ணருகே பிடித்தால் மஞ்சள், நீலம், துருச்சிவப்பு எல்லாம் தெரியும். வரிசையை மாற்றினால் அந்தத் துணியே இல்லை.

மூன்றாவது, 'வீட்டில்' என்ற சொல்லை விட்டுவிடுவது. பாவு, அதாவது தறியில் நெடுக்காக ஓடும் நூல், ஆலையிலிருந்து வீட்டுக்கு வரும். வீட்டை ஒட்டிய கொட்டகையில் மோட்டார் இல்லாத தறியைக் காலால் மிதித்து ஓட்டி நெய்வார்கள். நெய்த துணி எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும்; அதைக் கழுவ மறுபடி ஆலைக்குப் போகும்.

வரையறையில் ஒரு சொல்லை நகர்த்தினால் என்ன ஆகும் என்பது அந்தத் தீவுக்காரர்களுக்குத் தெரியும். ஸ்காட்லாந்தின் பெருநிலப் பகுதியில் நூற்ற நூலில் நெய்ததையும் ஹாரிஸ் ட்வீட் என்று விற்கலாமா என்ற வழக்கு எடின்பரோ நீதிமன்றத்துக்குப் போனது. 1964இல் கூடாது என்று தீர்ப்பானது. 1966இல் உற்பத்தி 76 லட்சம் கஜத்தைத் தொட்டது. அதன்பின் சரிவுதான். 2006 வாக்கில் பெரிய ஆலை ஒன்று கைமாறி, ஆயிரக்கணக்கான டிசைன்களை நான்காகச் சுருக்கியபோது நெசவாளர்கள் பலர் வேலையின்றி நின்றார்கள். 2007இல் லூயிஸ் தீவின் ஷாபோஸ்ட் ஆலை மறுபடி திறந்த பிறகே மூச்சு வந்தது. மீண்டு எழ அவர்களிடம் சொத்தாக இருந்தது அந்த ஒரு வாக்கியம். அதன் தமிழில் கன்னியைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறோம்.

சரி, மாற்று என்ன? 'புதுக் கம்பளி' என்றால் கடையில் நேற்று வாங்கிய போர்வை. 'முதல்வெட்டுக் கம்பளி' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது குட்டியாட்டில் முதல்முறை கத்தரித்த மயிர், வேறு சரக்கு. அடுத்து வருவது 'புத்துரோமம்', தனித்தமிழ் அன்பர்கள் சிலருக்குப் பிடித்த சொல். உரோமம் எப்போது தனித்தமிழ் ஆனது? 'பட்டினும் மயிரினும் பருத்தி நூலினும்' நெய்த காருகரை, அதாவது நெசவாளரை, சிலப்பதிகாரம் கூச்சமில்லாமல் பாடுகிறது. மயிரை வசைச்சொல்லாக்கிவிட்டு, அதன் இடத்தில் வடசொல்லை வைத்து, அதற்குத் தூய்மை என்று பெயர் சூட்டுகிறோம்.

என் தேர்வு 'முதல்நூற்புக் கம்பளி'. நூற்பாலை என்று ஏற்கெனவே சொல்கிறோம், அதனால் நூற்பு யாருக்கும் புதிதல்ல. மறுமுறை நூற்றது 'மறுநூற்புக் கம்பளி' என்று எதிர்ச்சொல்லும் தானே கிடைத்துவிடுகிறது. கன்னிக்கு எதிர்ச்சொல் வைக்கச் சொன்னால் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வாராம்?

ட்வீட்டைத் தமிழாக்க வேண்டாம். 'ட்வீல்' என்ற ஸ்காட் சொல்லை லண்டன் வியாபாரி ஒருவர் தப்பாகப் படித்ததில் பிறந்தது என்று அதற்கு ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, இப்போது அது சட்டம் காக்கும் பெயர். ஆக, அந்த வரையறை தமிழில் இப்படி வரலாம்: அவுட்டர் ஹெப்ரிடீஸில் தீவுவாசிகள் தம் வீடுகளில் கையால் நெய்து, அத்தீவுகளிலேயே பதப்படுத்தி முடித்த, அங்கேயே சாயமிட்டு நூற்ற கலப்பற்ற முதல்நூற்புக் கம்பளியால் ஆன ட்வீட்.