கிராண்ட்: மானியமா, நல்கையா?

சமையல் எரிவாயுவுக்குக் கிடைப்பது மானியம். உரத்துக்கும் மானியம். காவல் நிலையத்துக்குக் கருவி வாங்க டெல்லியிலிருந்து வரும் 'கிராண்ட்' தொகைக்கும் அதே மானியம்தானா? செட்டிநாட்டுக் கணக்கப்பிள்ளை எவரும் இவற்றைப் பேரேட்டின் ஒரே பக்கத்தில் எழுதியிருக்க மாட்டார்.

மானியம் வடமொழி 'மான்ய'விலிருந்து வந்தது. மதிப்புக்குரியது என்பது பொருள். மதிப்புச் செய்து, வரியைத் தள்ளியோ குறைத்தோ விட்ட நிலத்துக்கு அது பெயராயிற்று. சோழர் கல்வெட்டுகளில் வரி நீங்கிய நிலம் 'இறையிலி'. கோயிலுக்கு மட்டுமல்ல, ஊரைக் காவல் காத்த தலையாரிக்கும் மானிய நிலம் உண்டு. ஆக, காவலுக்கும் மானியத்துக்கும் உறவு பழையது. இனாம் எனவும்பட்ட இந்த நில ஏற்பாடு, 1963இன் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் போன்றவற்றால் போயிற்று. சொல் மட்டும் ரொக்கத்துக்கு மாறிக்கொண்டது.

சட்டமன்றத்தின் 'மானியக் கோரிக்கை' வேறு. காவலர் சம்பளம் உட்பட, மாநிலம் தன் கருவூலத்திலிருந்து செலவழிக்கப் பேரவையிடம் கேட்கும் ஒப்புதல் அது. அந்தத் தொடர் நிலைபெற்றுவிட்டது, மாற்ற வேண்டியதில்லை.

சிக்கல் ஒன்றிய அரசின் பணத்தில்தான். காவல், அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலில் இருப்பது. ஆனாலும் 1969-70இல் தொடங்கிய காவல் படைகள் நவீனமயமாக்கல் திட்டத்தில் ஆயுதம், தகவல் தொடர்பு, தடய அறிவியல் கருவி ஆகியவற்றுக்கு ஒன்றியம் பணம் தருகிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு ஒன்றியத்தின் பங்கு 60 என்றால் மாநிலத்தின் பங்கு 40. செலவிட்டதற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணை நின்றுவிடும்.

கடன் என்றால் வட்டியோடு திரும்ப வேண்டும். தருமம் என்றால் கொடுத்தவர் கணக்குக் கேட்பதில்லை. ஒன்றியம் தரும் இந்தப் பணம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: திருப்ப வேண்டாம், கணக்கு மட்டும் காட்ட வேண்டும். 'கிராண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேரும் 'நம்புதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் 'கிரேடெரே'தான். 'கிரெடிட்' பிறந்ததும் அதே வேரில். பர்மா வரை போய் நம்பிக்கையின் பேரில் கடன் கொடுத்து வணிகம் செய்த செட்டிநாட்டு ஊர்க்காரர்களுக்கு இந்த உறவை விளக்கத் தேவையில்லை.

இதற்குச் சரியான தமிழ் 'நல்கை'. நல்குதல் சங்கப் பாடல்களிலேயே உள்ள வினை. கொடுத்தலோடு அருளுதலும் அதில் அடங்கும். பல்கலைக்கழக நல்கைக் குழு என்ற வழக்கும் இருக்கிறது. 'உதவித்தொகை' மாணவருக்கும் முதியவருக்கும் போய்ச் சேர்ந்துவிட்ட சொல். 'நன்கொடை'யோ தனியார் தருவது. சாலைத் தடுப்பில் நகைக்கடைப் பெயரைப் பெரிதாக எழுதி, 'காவல்' என்பதைச் சிறிதாக எழுதியிருப்பார்களே, அது நன்கொடைகூட அல்ல, விளம்பரம்.

விலையைக் குறைக்க அரசு ஏற்கும் தொகைக்கு மானியம் இருக்கட்டும். குறித்த பணிக்கென்று கணக்குக் கேட்டுத் தரும் தொகையைக் 'காவல் நவீனமயமாக்கல் நல்கை' என்றும், பெறும் துறையை 'நல்கை பெறுநர்' என்றும் எழுதலாம்.