கேஜன் இறால் புழுக்கு

உணவகத்தின் பட்டியலில் ‘கஜுன் இறால் அவியல்’ என்று அச்சிட்டிருந்தார்கள். உடன் வந்திருந்த பெரியம்மா நாகர்கோவில்காரர். அவியல் என்ற சொல்லைப் பார்த்ததும் ஆசையாகக் கேட்டுவிட்டார். வந்ததோ ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே ஓட்டோடு இறால், முறித்துப் போட்ட சோளக்கதிர், தோல் உரிக்காத உருளைக்கிழங்கு, எல்லாவற்றின் மேலும் பூண்டு வெண்ணெய். “இதுல தேங்கா எங்க மக்கா?” என்றார்.

நியாயமான கேள்வி. ‘கேஜன் ஷ்ரிம்ப் பாயில்’ என்ற அமெரிக்கப் பண்டத்தைத்தான் அப்படித் தமிழாக்கியிருந்தார்கள். அந்தப் பெயரில் உருப்படியாக இருந்த சொல் ‘இறால்’ ஒன்றுதான்.

கேஜன் என்பவர்கள் ஒரு மக்கள். 1600களில் பிரான்சிலிருந்து கடல் கடந்து போய், இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியாவிலும் அதை ஒட்டிய இடங்களிலும் குடியேறிய உழவர்கள். அந்த நாட்டுக்கு அக்காடி என்று பெயர், அவர்கள் அக்காடியர். நாடு பிரிட்டிஷார் கைக்குப் போனபின், நிபந்தனையில்லாமல் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள், இவர்கள் மறுத்தார்கள். 1755இல் தொடங்கி ஊர் ஊராகக் கிளப்பிக் கப்பலேற்றினார்கள். சிதறியவர்களில் ஒரு பகுதியினர் 1760களில், இன்று அமெரிக்காவின் தென்மாநிலமாக இருக்கும் லூசியானாவுக்கு வந்து சேர்ந்தார்கள். பிரான்சுக்கே திரும்பிப் போய் அங்கும் ஒட்டாமல் இருந்தவர்களில் ஏறத்தாழ 1,600 பேரை 1785இல் ஏழு கப்பல்கள் கொண்டுவந்து இறக்கின. சதுப்பும் கால்வாயுமான தெற்கு லூசியானா அவர்கள் ஊராயிற்று.

பெயர் தேய்ந்த வழி நமக்குப் பழகியதுதான். ‘அக்காடியன்’ முதலில் தலையெழுத்தை இழந்து ‘காடியன்’ ஆனது. பிறகு நடுவில் இருந்த ‘டிய’ பேச்சில் ‘ஜ’ ஆகிவிட்டது. நம் வாயில் ‘ஐந்து’ ‘அஞ்சு’ ஆனதும், ‘வைத்த’ ‘வச்ச’ ஆனதும் இதே வகை மாற்றம். ஆங்கிலம் பேசுவோர் வாயில் அது கேஜன் என்று நின்றது. ‘கஜுன்’ என்பது ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்ததால் வந்த வினை, அப்படி யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் பொட்டலத்தில் விற்கும் ‘கேஜன் மசாலா’? அது பின்னால் வந்த கதை. லூசியானாவின் ஓப்பலூசாஸ் வட்டாரத்துக் கேஜன் குடும்பத்தில் பிறந்த சமையற்கலைஞர் பால் புரூடோம் 1979இல் நியூ ஆர்லியன்ஸில் கே-பால்ஸ் என்ற உணவகத்தைத் திறந்தார். மீன் துண்டில் வெண்ணெயும் மசாலாவும் பூசி, காய்ந்த இரும்புச் சட்டியில் கருக வறுத்தெடுக்கும் அவருடைய பக்குவம் 1980களில் அமெரிக்கா முழுக்கப் பரவியது. அதிலிருந்து, சிவப்பாகக் காரமாக எதைத் தூவினாலும் கேஜன் என்றாகிவிட்டது. மிளகைக் கொஞ்சம் அதிகம் போட்டுவிட்டுச் ‘செட்டிநாடு’ என்று எழுதுகிறார்களே, அந்தக் கணக்கு. ஆக, கேஜனை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. மக்கள் பெயரை அப்படியே எழுதினால் போதும்.

இறாலில் சிக்கல் இல்லை. ‘ஷ்ரிம்ப்’ என்பதற்கு அடியில் சுருங்கல் என்ற பொருள் கிடக்கிறது. லூசியானா பிரெஞ்சில் இறாலுக்கு ‘ஷெவ்ரெட்’, அதாவது சின்ன ஆடு. துள்ளுவதால் வந்த பெயர், எனக்கு மிகப் பிடித்தது. நம்மிடம் இறா, இறவு, இறால் மூன்றும் உண்டு. நற்றிணையின் 19ஆம் பாட்டு தாழையின் சொரசொரப்பான அடிமரத்துக்கு இறவின் முதுகைத்தான் உவமை சொல்கிறது. ‘ஷ்ரிம்ப்’ வேறு, ‘பிரான்’ வேறு என்ற ஆங்கிலச் சண்டையும் நமக்கு வேண்டாம். மெக்சிகோ வளைகுடாவில் பிடிபடும் வெள்ளை இறாலும் பழுப்பு இறாலும் நம் கடல் வெள்ளை இறாலின் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

சரி, ‘பாயில்’. இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். ‘கொதி’ என்றால் நீரைப் பற்றிய பேச்சாகிவிடும். ‘அவித்தல்’ வினையாகப் பொருந்தும், ஆனால் ‘அவியல்’ என்ற பெயரை ஒரு கறி எப்போதோ பட்டா போட்டுக்கொண்டது, பெரியம்மா சாட்சி. எனக்குத் தோன்றும் சொல் ‘புழுக்கு’. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநருக்குப் படைக்கும் ஆட்டிறைச்சி ‘துருவையம் புழுக்கு’. அறுகம்புல் மேய்ந்த ஆட்டை வேகவைத்து, தின்னு தின்னு என்று கூடவே இருந்து ஊட்டுகிறான். வெந்த பண்டம், கூடித் தின்னல், இரண்டும் அந்தக் காட்சியில் இருக்கின்றன. புழுங்கலரிசி இருக்கும்வரை அந்த வேர் யாருக்கும் அந்நியமில்லை.

கூடித் தின்னல் என்று அழுத்திச் சொல்லக் காரணம், லூசியானாவில் ‘பாயில்’ என்பது பண்டத்துக்கும் பெயர், விருந்துக்கும் பெயர். கொல்லையில் பெரிய அண்டா, மேசை முழுக்கச் செய்தித்தாள், தட்டு கிடையாது. வடித்ததைக் குவியலாகக் கொட்டி, நின்றுகொண்டே உரித்துத் தின்பார்கள்.

வீட்டில் செய்வதானால் ஒரு கிலோ இறாலுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் வையுங்கள். உப்பு கடல்நீர்போல் கரிக்க வேண்டும். இரண்டாக வெட்டிய எலுமிச்சை, வெங்காயம், முழுப்பூண்டு, கடைசியில் சொல்லப்போகும் மசாலா முடிச்சு எல்லாம் போட்டுக் கொதிக்கவிட்டு, முதலில் சின்ன உருளைக்கிழங்கு. பன்னிரண்டு நிமிடம் கழித்துச் சோளமும், கிடைத்தால் புகையூட்டிய பன்றி சாசேஜும். இன்னும் ஐந்து நிமிடம் போனால் ஓட்டோடு இறால். அது வளைந்து இளஞ்சிவப்பானதும், இரண்டு மூன்று நிமிடத்தில், அடுப்பை அணைத்துவிடுங்கள். அப்புறம் நிறையப் பனிக்கட்டியைப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். பனிக்கட்டி வேகலை நிறுத்தும், ஊறல் உப்பையும் காரத்தையும் ஓட்டுக்குள் இறக்கும். பொறுமையில்லாமல் உடனே வடித்தால் ஓட்டில்தான் ருசி இருக்கும், சதையில் இருக்காது.

பெரியம்மாவுக்கு வந்த பூண்டு வெண்ணெய் இதில் எங்கே? பழைய முறையில் ருசியெல்லாம் தண்ணீரில்தான், வெந்தபின் எதையும் ஊற்றுவதில்லை. 1975க்குப் பிறகு அமெரிக்காவின் வளைகுடாக் கரையில் குடியேறி இறால் பிடிக்கவும் இறங்கிய வியட்நாமியர்களின் சமூகத்தில் பிறந்தது வெண்ணெயில் புரட்டும் வழக்கம். பையில் கட்டித் தரும் கடைகள் பெரும்பாலும் அந்த வழி வந்தவை. அதுவும் ருசிதான், வேறு பக்குவம் என்பது தெரிந்தால் சரி.

அமெரிக்கச் சமையல் குறிப்பைப் பார்த்துச் செய்பவர்களுக்கு இன்னொன்று. ‘ஒரு பொட்டலம் கிராப் பாயில் சேர்க்கவும்’ என்று வரும். நண்டு வாங்க ஓடாதீர்கள், அதில் நண்டே கிடையாது. கடுகு, மல்லிவிதை, வற்றல் மிளகாய், பிரிஞ்சி இலை, சதகுப்பை விதை, கிராம்பு என்று பொடிக்காமல் துணிப்பையில் கட்டிய மசாலா அது. நண்டு வேகவைக்க உதவுவதால் அந்தப் பெயர். தமிழில் ‘புழுக்கு முடிச்சு’ என்று எழுதலாம். பெரும்பாலும் அஞ்சறைப்பெட்டியில் இருப்பவைதான். பழைய வேட்டித்துணியில் முடிந்து, இறால் போடும் முன்பே, தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போதே போட்டுவிடுங்கள்.