மலைத்தோட்டக் கழிவுக்குத் தீ: எந்தச் சட்டம் நமக்குப் பொருந்தும், எந்த மானியம் கிடைக்கும்?

பஞ்சாபில் வைக்கோல் எரியும் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்ததும் நீலகிரி, கொடைக்கானல் மலைக்காரர்களுக்கு வரும் முதல் சந்தேகம், உருளைக்கிழங்குச் செடியைக் கொளுத்தினால் நமக்கும் முப்பதாயிரம் அபராதம் உண்டா என்பதுதான். அந்த அபராதம் இங்கே இல்லை. 2 ஏக்கருக்குக் குறைவாக இருந்தால் 5,000 ரூபாய், 2 முதல் 5 ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000 என்று மத்திய அரசு 2024 நவம்பரில் இரட்டிப்பாக்கிய தொகை டெல்லித் தலைநகர்ப் பகுதிக்கும் அதை ஒட்டிய மாநிலப் பகுதிகளுக்கும் மட்டுமே உரியது. 2018-19 முதல் வைக்கோல் கருவிகளுக்கு அங்கே தரப்படும் தனி மானியமும் நமக்குக் கிடையாது. அதற்காக இங்கே எரிக்கத் தடையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மலையில் வேறு சட்டங்கள் இருக்கின்றன, அவை அபராதத்தோடு நிற்பதும் இல்லை.

ஏன் எரிக்கிறார்கள்?

பஞ்சாபில் நெல் அறுத்து கோதுமை விதைக்க நடுவே இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும். அறுவடை இயந்திரம் நீளமான தாளை வயலிலேயே விட்டுப் போகிறது. 2009-இல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டம் நடவை ஜூனுக்குத் தள்ளியதில் அந்த இடைவெளி இன்னும் குறுகியது. நீலகிரியிலும் கொடைக்கானல் மேல்மலையிலும் நிலைமை வேறு. உருளைக்கிழங்குச் செடி, முட்டைக்கோஸ் தண்டும் வெளி இலையும், பீன்ஸ் கொடி, பூண்டுத் தாள் எல்லாம் சேர்த்தாலும் நெல் வைக்கோல் அளவுக்கு வராது. இருந்தாலும் எரிக்கிறார்கள். படிமட்டம், அதாவது சரிவில் படிபோல் வெட்டிய வயல், குறுகலாக இருப்பதால் டிராக்டர் இறங்காது. கழிவைச் சுமந்து ஏற்ற ஆள்கூலி கட்டாது. குவித்து வைத்தால் எலி குடியேறும், காட்டுப்பன்றி வந்து கிளறும்.

அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் குத்தகை. ஒரு போகத்துக்கு மட்டும் நிலம் எடுத்தவர் ஆறு மாதம் கழித்து மக்கும் உரத்துக்காக ஏன் மெனக்கெட வேண்டும்? அந்த உரம் அடுத்தவர் பயிருக்குத்தான் போகும். எந்தத் திட்டமும் இந்தக் கணக்கை இன்னும் தொடவில்லை.

நோய் பயம் நியாயமானதுதான், ஆனால் எல்லா நோய்க்கும் தீ மருந்தல்ல. உருளையின் பின்கருகல் நோய் காய்ந்த செடியில் நெடுநாள் பிழைக்காது. உயிருள்ள கிழங்கில்தான் தங்கும். அதனால் செடியை எரித்துவிட்டு அழுகல் கிழங்கை வரப்போரம் கொட்டினால் வேலை வீண். 1961-இல் ஊட்டிப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழு மண்ணுக்குள் பல ஆண்டு உயிரோடிருக்கும், மேலே எரியும் சருகின் சூடு அதற்கு எட்டாது. முட்டைக்கோஸ் வேர்முடிச்சு நோய்க்கு மட்டும் கதை வேறு. வீங்கிய வேர் மண்ணிலேயே அழுகினால் வித்துகள் சிதறும், ஆகவே அழுகுமுன் பிடுங்கி எரிப்பது சரியான வேலைதான்.

சாம்பல் உரமாகுமே என்பார்கள். பாதி உண்மை. சாம்பல் சத்தும் சுண்ணாம்புத் தன்மையும் நிற்கும், நம் புளித்த மண்ணுக்கு அது கொஞ்சம் உதவும். தழைச்சத்தின் பெரும்பகுதியும் கந்தகத்தில் ஒரு பகுதியும் புகையோடு போய்விடும். சரிவு நிலத்தில் மிச்சச் சாம்பலையும் முதல் கோடைமழை ஓடைக்குக் கொண்டுபோகும். தேயிலைக் கவாத்தில் வெட்டிப்போட்ட கழிவைக் கொளுத்துவது இன்னும் பெரிய நட்டம். நான்கைந்து ஆண்டு செடி சேர்த்த சத்து அது. கனத்த கிளையை விறகுக்கு எடுத்துக்கொண்டு, இலையையும் மெல்லிய குச்சியையும் வரிசை நடுவே பரப்பினால் களையும் குறையும், மண்ணும் அரிக்காது.

எந்தச் சட்டம் பாயும்?

டிசம்பர், ஜனவரி உறைபனி புல்லைக் கருக்கிவிடும். அதிலிருந்து ஏப்ரல் மழை வரை ஒரு பொறி போதும். தோட்டத்தை அடுத்துச் சீகை, கற்பூரமரம், பைன் இருந்தால் தீ காட்டுக்குள் ஏறச் சில நிமிடமே போதும். அங்கேதான் வழக்கு தொடங்குகிறது. 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டம், காப்புக்காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதைக் குற்றமாக்குகிறது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சரணாலயத்துக்கு இதையே சொல்கிறது. முதுமலை, முக்கூர்த்தி, 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் சரணாலயம் ஆகியவற்றின் எல்லையோரத் தோட்டக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தீயை என் பட்டா நிலத்தில்தான் வைத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாகத் தீயைக் கையாண்டால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தீக்காலத்தில் மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு போட்டிருந்தால் அதை மீறுவது 223-ஆம் பிரிவில் தனிக் குற்றம். பீன்ஸ் பந்தலின் பிளாஸ்டிக் நூலையும் மருந்து டப்பாவையும் சருகோடு சேர்த்துக் கொளுத்துவது எங்குமே கூடாது.

எந்த மானியம், எப்படி வாங்குவது?

பயிர்க்கழிவு என்ற பெயரில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் தேட வேண்டும். படிமட்டத்துக்கு ஏற்றவை பவர் டில்லர், பவர் வீடர், பிரஷ் கட்டர், தழை நறுக்கும் இயந்திரம். சிறு, குறு, மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் விவசாயிகளுக்கு 50 விழுக்காடு, மற்றவர்களுக்கு 40. ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயிகளுக்கு மாநில அரசு மேலும் 20 சேர்க்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு உண்டு. விழுக்காட்டுத் தொகை, உச்சவரம்பு இரண்டில் எது குறைவோ அதுதான் கைக்கு வரும்.

உழவன் செயலியிலோ வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலோ பதியலாம். ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், சிட்டா, அடங்கல், இ-சேவை வழியாக வட்டாட்சியர் தரும் சிறு குறு விவசாயி சான்று, தேவையானால் சாதிச் சான்று. ஒப்புதல் வருமுன் கடையில் வாங்கிவிட்டுப் பில்லோடு போவதுதான் மானியம் இழக்க எளிய வழி. மலையில் அடுத்த சிக்கல் கூட்டுப் பட்டா. தாத்தா பெயரில் பிரியாமல் கிடக்கும் நிலத்துக்குச் சிறு குறு சான்று எடுப்பதற்குள் போகமே முடிந்துவிடும், முன்கூட்டியே தொடங்குங்கள். குத்தகைதாரருக்கு வாடகைதான் வழி, துறையின் இ-வாடகைச் செயலியில் கருவியை வாடகைக்கு முன்பதிவு செய்யலாம்.

மண்புழு உரப் படுக்கை தோட்டக்கலைத் துறையில் வருகிறது. 12 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரமுள்ள, பையாலான படுக்கைக்கு 50 விழுக்காடு மானியம். உதவி தோட்டக்கலை அலுவலரிடம் அந்த ஆண்டின் ஒதுக்கீடு தீருமுன் கேளுங்கள்.

மக்க வைக்கும்போது எது தவறுகிறது?

குளிர்தான் முதல் எதிரி. சிறு குவியல் சூடேறாது. குறைந்தது 4 அடி அகலம், 3 முதல் 4 அடி உயரம் வேண்டும். சமவெளி வழக்கப்படி குழி தோண்டினால் மழையில் தண்ணீர் தேங்கி நாறும், மேட்டில் குவியுங்கள். தண்டை 2 முதல் 4 அங்குலத் துண்டாக நறுக்க வேண்டும். முட்டைக்கோஸ் இலை முழுக்க ஈரம், தனியே போட்டால் கூழாகிவிடும். பூண்டுத் தாளோ சில்வர் ஓக் சருகோ கலந்து அரை அடிக்கு ஒரு முறை சாணிக்கரைசல் தெளியுங்கள். கழிவை மக்க வைக்கும் நுண்ணுயிர்க் கலவையான வேளாண் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசர் ஒரு டன் கழிவுக்கு 2 கிலோ போதும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது. கடப்பாரையை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். தொட்டால் சுட வேண்டும், சுடாவிட்டால் புரட்டிச் சாணி சேருங்கள். மண்புழுப் படுக்கையில் பச்சைக் கழிவை நேரே கொட்டினால் சூட்டில் புழு செத்துவிடும், இரண்டு வாரம் ஆறவிட்டே போட வேண்டும். உறைபனி இரவுகளில் சாக்கு மூடுங்கள்.

நூற்புழு உள்ள நிலத்து உருளை வேரையும் ஒட்டிய மண்ணையும் வேறு நிலத்துக்கான உரக்குவியலில் சேர்க்காதீர்கள்.

வேர்முடிச்சு கண்ட முட்டைக்கோஸ் வேரை எரித்தே ஆக வேண்டும் என்றால் மண்ணை அங்கேயே உதறிவிட்டு, தார்ப்பாய் மேல் உலர்த்தி, காட்டு எல்லையிலிருந்து தள்ளி, சுற்றிலும் புல் செதுக்கிய சிறு குழியில், காற்றில்லாத காலையில் எரியுங்கள். இரண்டு குடம் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கை வைத்துப் பார்த்துச் சூடில்லை என்று தெரிந்த பிறகே நகர வேண்டும். தீ கைமீறினால் தீயணைப்புக்கு 101, பொது அவசர உதவிக்கு 112.