சுவர் பூசுவதற்கு முன்பே போட வேண்டிய இரண்டாவது குழாய்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு தொடர்மாடி. அறுபது வீடுகள். நிலத்தடியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், அதற்குப் பின்னால் மணல் வடிகட்டி, குளோரின் தாங்கி எல்லாம் இருக்கிறது. வெளியே வரும் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது. அத்தனையும் வடிகாலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதே கட்டடத்துக்கு மாசி மாதத்தில் காசு கொடுத்து பவுசரில் தண்ணீர் இறக்கியிருக்கிறார்கள்.

"ஏன் பிள்ளை, இதைக் கக்கூசுக்காவது பாவிக்க ஏலாதா?" என்று நிர்வாகக் குழுவில் இருந்த அன்ரி கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கட்டடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே குழாய்த்தொகுதிதான். இன்னொன்று போடுவதென்றால் அறுபது வீட்டுக் குளியலறைச் சுவர்களையும் உடைக்க வேண்டும்.

கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பாவிக்க வைக்கும் இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நான் காண்பது இதைத்தான். சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றி மாதக்கணக்கில் பேசுகிறோம். சுத்தமான தண்ணீர் எந்த வழியாக யாரிடம் போகும் என்பதைக் கடைசியில்தான் கேட்கிறோம்.

"வருடத்துக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை கொட்டும் ஊரில் கழிவுநீரை எதற்குத் திரும்ப எடுக்க வேண்டும்?" என்று பலர் கேட்கிறார்கள். கொழும்புக்குக் குடிநீர் கொடுக்கும் முக்கியமான இடம் அம்பத்தளை. அங்கே களனி கங்கையிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள். வரட்சிக் காலத்தில் ஆற்றில் நீரோட்டம் குறைந்ததும் கடலின் உப்புநீர் அடியால் மேலேறி வருகிறது. அதைத் தடுக்க ஆற்றின் குறுக்கே தடுப்புப் போட வேண்டியிருந்தது. அப்படிக் காத்து, வடித்து, குளோரின் போட்டு, மின்சாரம் செலவழித்து வெள்ளவத்தை ஏழாம் மாடி வரைக்கும் ஏற்றிய தண்ணீரை மலசலகூடத்தில் ஊற்றிவிடுகிறோம். ஒரு வீட்டில் நாலு பேர் என்றால் அறுபது வீட்டில் 240 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து தடவை, தடவைக்கு 6 லீற்றர் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் 7,200 லீற்றர். பழைய 9 லீற்றர் சிஸ்டேன், அதாவது கழிப்பறையில் தண்ணீர் இறக்கும் தொட்டி, என்றால் 10,800.

ஆகவே முதல் வேலை, தண்ணீரை வாங்கப்போகிறவரைக் கண்டுபிடிப்பது. சென்னை இதைச் சரியாகச் செய்தது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 45 மில்லியன் லீற்றர் வீதம் கழிவுநீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரித்து எதிர்ச் சவ்வூடுபரவலுக்கு (அழுத்தத்தோடு மெல்லிய சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிக்கும் முறை) அனுப்பும் நிலையங்கள் 2019இல் இயங்கத் தொடங்கின. அந்தத் தண்ணீருக்கு மணலி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகள் இருந்தன. சிங்கப்பூர் கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் நியூவோட்டரும் 2003இலிருந்து பெரும்பாலும் போவது தொழிற்சாலைகளுக்கும் குளிரூட்டலுக்கும்தான். கொழும்பிலும் கட்டட வேலைத்தளங்கள், பெரிய குளிரூட்டல் கோபுரங்கள், பூங்காக்கள், களனிக் கரைத் தொழிற்சாலைகள் என்று வாங்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் படத்தில் குறித்துவிட்டு அதற்குப் பிறகு நிலையத்தின் இடத்தைத் தீர்மானித்தால் குழாயின் நீளம் பாதியாகக் குறையலாம்.

நகரத் திட்டமென்றால் உப்பை மறக்கக்கூடாது. கொழும்பின் கழிவுநீர்க் குழாய்களில் ஒரு பகுதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்டவை. கடலோரத்தில் பழைய மூட்டுகள் வழியாக உவர்நீர் உள்ளே கசியலாம். உப்பைப் பக்டீரியா தின்னாது. மணல் வடிகட்டியும் பிடிக்காது. எதிர்ச் சவ்வூடுபரவல்தான் வழி, அதற்குச் செலவு வேறு கணக்கு. ஆகவே வரைபடம் கீறுவதற்கு முன், கடல் வற்று, பெருக்கு இரண்டு நேரமும் கழிவுநீரின் மின்கடத்துதிறனை அளந்து பாருங்கள்; உப்பு கூடினால் அதுவும் கூடும். உவர்நீர் கசிந்தால் குழாயைத் திருத்துவது மலிவா, உப்பை எடுப்பது மலிவா என்று அப்போதே தெரிந்துவிடும்.

சரி, கட்டடத்துக்குள் வருவோம். எனக்கு மிகவும் பயமான இடம் அதுதான்.

வெளிநாட்டு வரைபடங்களில் மீள்சுழற்சி நீருக்கான ஊதா நிறக் குழாய் ஒன்று நேரே சிஸ்டேனுக்குப் போய் முடியும். நம் வீடுகளில் அது அங்கே முடிவதில்லை. சிஸ்டேனுக்குப் போகும் வால்விலிருந்துதான் பிளம்பர் ஒரு டீ (T வடிவக் கிளை இணைப்பு) போட்டு, கழுவும் கைக் குழாய்க்கு, அதாவது பிடேக்குத் தண்ணீர் எடுப்பார். வருடக்கணக்காக அப்படியே பழகிய கை. மீள்சுழற்சி நீர் வரும் கட்டடத்தில் அந்தச் சின்ன டீ போதும், கழிவிலிருந்து வந்த தண்ணீர் உடம்பில் படும். அதே கைக் குழாயில் வாளியை நிரப்பிப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற வீடுகளும் உண்டு. ஒரு பிளம்பர் என்னிடம் கேட்டார்: "மிஸ், ரெண்டும் தண்ணிதானே?" அவர் மீது பிழையில்லை. யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இது கற்பனைப் பயமல்ல. நெதர்லாந்தில் உட்ரெக்ட் அருகே லைட்ஸ ரைன் என்ற புதுக் குடியிருப்பில் கழிப்பறைக்கும் உடுப்புத் துவைக்கவும் அரைகுறையாகச் சுத்திகரித்த நீருக்குத் தனிக் குழாய் போட்டார்கள். 2001இல் அது குடிநீர்க் குழாயோடு தவறுதலாக இணைந்து, பலருக்கு வயிற்றோட்டம் வந்தது. நாட்டின் பெரிய இரட்டைக் குழாய்த் திட்டங்களே அதோடு நின்றுபோயின.

அதனால் நான் விட்டுக்கொடுக்காதவை சில உண்டு. பிடேக்கு எப்போதும் குடிநீர்க் குழாயிலிருந்து தனி வால்வு. மீள்சுழற்சிக் குழாய் முழு நீளமும் ஊதா, அளவிலும் வேறு, சாதாரண இணைப்பு பொருந்தக்கூடாது. அதன் அழுத்தம் குடிநீரின் அழுத்தத்தை விடக் குறைவு. மீள்சுழற்சித் தாங்கி வற்றும்போது குடிநீரால் நிரப்ப வேண்டி வரும். அப்போது குடிநீர்க் குழாயின் வாய், தாங்கி நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே, குழாய் விட்டத்தின் இரண்டு மடங்காவது உயரத்தில் அந்தரத்தில் நிற்க வேண்டும். நேரே இணைத்து இடையில் வால்வு வைத்தால் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வால்வு கசியும். காற்று கசியாது.

தண்ணீரின் தரத்திலும் ஒரு குழப்பம் உண்டு. உள்நாட்டு நீர்நிலைகளுக்கு விடும் கழிவுநீருக்கு பீஓடி (தண்ணீரில் மீந்திருக்கும் சேதன அழுக்கைக் காட்டும் அளவு) லீற்றருக்கு 30 மில்லிகிராம்வரை அனுமதி. அனுமதிப்பத்திரம் எடுக்க அது போதும். அதே தண்ணீரை வெள்ளைச் சிஸ்டேனில் இரண்டு நாள் நிற்க விட்டால் மணக்கும். வீட்டுக்குள் கொண்டுபோவதென்றால் நான் 10க்குக் கீழே கேட்பேன். ஒரு நாளைக்குத் தேவையானதற்கு மேல் சேமிக்கவும் வேண்டாம்.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேர மின்வெட்டு. ஜெனரேற்றருக்கு டீசலும் இல்லை. காற்று ஊதும் இயந்திரம் நின்றால் தாங்கிக்குள் இருக்கும் பக்டீரியாக்கள் மூச்சுமுட்டிவிடும். அந்த மாதங்களில் நாற்றத்துக்காக என்னை அழைத்த கட்டடங்கள் பல. அதற்குப் பிறகு எந்தத் திட்டத்திலும் முதலில் கேட்பது, கரண்ட் இல்லாத நாளில் இது என்ன செய்யும் என்பதுதான். கழிவுநீரைத் தேக்கப் பெரிய சமநிலைத் தாங்கி, குறைந்த மின்சாரத்தில் ஓடும் முறை, இடமிருந்தால் நாணல் வளரும் ஈரநிலப் படுக்கை.

மக்களின் கேள்விகளையும் ஒதுக்கக்கூடாது. ஒரு கூட்டத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர், இது சுத்தமா, நஜீஸா (மார்க்கப்படி அசுத்தமா) என்று கேட்டார். சவூதி உலமாக்கள் சபை 1978இலேயே முறையாகச் சுத்திகரித்த கழிவுநீரை ஏற்றுக்கொண்டதைச் சொன்னேன். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுவுக்குக் குடிநீர்க் குழாய்தான் என்பதையும் படத்தில் காட்டினேன். பூசை அறை பற்றிக் கேட்ட மாமிக்கும் அதே படம்தான்.

மீள்சுழற்சி நிலையம் வைக்கவே போவதில்லை என்றாலும் இரண்டாவது குழாயைப் போட்டுவிடுங்கள். கிணற்று நீரோ மொட்டைமாடி மழைநீரோ நாளைக்கு அதில் ஓடலாம். வீடு கட்டும் முன்பே காசு கட்டுகிறவர்கள் சமையலறை மாபிளின் நிறத்தோடு குழாய் வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள்.

முதலில் சொன்ன கட்டடத்தில் இப்போது தோட்டத்துக்கும் வாகனம் கழுவவும் கீழ்த்தளக் கழிப்பறைகளுக்கும் மட்டும் ஊதாக் குழாய் போட்டிருக்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை மீள்சுழற்சித் தாங்கியில் கேக்குக்குப் போடும் நீல நிறத்தைக் கலந்து, குடிநீரைப் பூட்டிவிட்டு, எல்லாத் தளத்திலும் ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்ப்போம். அன்ரியும் கொப்பியோடு கூட வருவார். இந்தத் தை மாதம் காவலாளியின் கழிப்பறையில் புதிதாகப் பூட்டிய பிடேயிலிருந்து நீலத் தண்ணீர் வந்தது. அன்று பின்னேரமே அந்த டீயைக் கழற்றி மூடிவிட்டோம்.