விவசாயம் கற்க நிலம் வேண்டாம்: வேளாண் அறிவியல் நிலையத்தில் என்ன கிடைக்கும்?

விவசாயம் கற்றுக்கொள்ள வேளாண் கல்லூரியில்தான் சேர வேண்டும் என்றில்லை. வேளாண் அறிவியல் நிலையம் என்ற அமைப்பு அநேகமாக எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. 'கிருஷி விக்யான் கேந்திரா' என்ற இந்திப் பெயரின் சுருக்கமான கே.வி.கே. என்றால் பலருக்குச் சட்டென்று புரியும். நாட்டிலேயே முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று 700-க்கும் மேல்.

நிதி தருவது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம். நடத்துபவர்தான் இடத்துக்கு இடம் மாறுவார். தமிழ்நாட்டில் பல நிலையங்களை வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. திண்டுக்கல் பக்கம் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம், கோபிசெட்டிபாளையத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனம். ஆகவே மாவட்டப் பெயரோடு 'வேளாண் அறிவியல் நிலையம்' என்று தேடுவதே சுலபம்.

விவசாயிகள், பண்ணை மகளிர், கிராமத்து இளைஞர்கள், வேளாண் துறைக் களப்பணியாளர்கள் ஆகியோருக்குப் பயிற்சி தருவது இவற்றின் முக்கிய வேலை. புதிய ரகமோ தொழில்நுட்பமோ வந்தால், விவசாயியின் வயலிலேயே செயல்விளக்கத் திடல் போட்டுக் காட்டுவார்கள். அதற்கு நிலம் வேண்டும், சரி. காளான், தேனீ வளர்ப்பு, விளைபொருளைப் பதப்படுத்தி விற்கும் மதிப்புக்கூட்டல் போன்ற பயிற்சிகளுக்கு எதற்கு நிலம்?

சொல்லித் தருவதைவிடச் செய்ய வைப்பதுதான் இங்கே பாணி. சிப்பிக்காளான் பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். வைக்கோலை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, உலர்த்த வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கையில் ஈரம் படிய வேண்டும். அந்தப் பதத்தில்தான் பாலித்தீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்கு காளான் வித்து என்று படுக்கை போடுவார்கள். ஈரம் கூடினால் படுக்கை அழுகிவிடும். இந்தப் பதத்தை எத்தனை வீடியோ பார்த்தாலும் கை கற்றுக்கொள்ளாது என்பது என் கருத்து.

கட்டணம் பயிற்சிக்குப் பயிற்சி மாறும், இலவசமும் உண்டு. முன்பதிவு வேண்டுமா, ஒரு நாளா பல நாளா என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம், பிள்ளைகளுக்கு. மதிய உணவுத் திட்டத்தின் கீழ் பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க மத்திய அரசு 2019-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மாணவர்களே பயிரிட்டுப் பராமரிக்க வேண்டும், விளைந்த காய்கறியும் கீரையும் சத்துணவில் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. விதை, நாற்று, இயற்கை உரம், தொழில்நுட்ப உதவி ஆகியவற்றுக்கு கே.வி.கே.க்களை அணுகலாம் என்றும் அதில் இருக்கிறது. இடமில்லாத நகரப் பள்ளியா? மண்சட்டி, தகரப் பெட்டி, தொங்கும் கூடை எல்லாமே செல்லும். தலைமை ஆசிரியர் இந்த வழிகாட்டுதலைக் குறிப்பிட்டு கே.வி.கே.க்குக் கடிதம் எழுதிக் கேட்கலாம். பெற்றோர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இதை எழுப்பலாம்.

நேரில் போக முடியாதவர்களுக்கு, விவசாயிகளுக்குத் தொலைபேசியில் ஆலோசனை சொல்லும் கிசான் கால் சென்டர் இருக்கிறது: 1800-180-1551, கட்டணமில்லை. காலை 6 முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம். பயிரில் நோய் என்றால் பயிரின் ரகம், வயது, இலையில் தெரியும் அறிகுறி ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.